ஆய்வு ஒழுக்கம்: யார் யாருக்குப் பாடம் நடத்துவது?

பல்கலைக்கழகங்களில் இப்போது ஒழுக்கம் சொல்லித்தருகிறார்கள். பி.எச்.டி.க்குப் பதிவு செய்கிற யாராக இருந்தாலும் 'ஆய்வு நெறியும் வெளியீட்டு நெறியும்' என்கிற 2 கிரெடிட் தாளை எழுதித் தேறியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் எடுத்த முடிவு இது. மொத்தம் 30 மணி நேரம், 6 அலகு. தத்துவமும் அறவியலும், அறிவியல் நடத்தை, வெளியீட்டு நெறி என்று 3 அலகு. யாரும் காசில்லாமல் படிக்கிற மாதிரி வெளியிடுவது, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் என்று இன்னொரு 3 அலகு. பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். பொய்த் தரவு எழுதாதே, பிறத்தியார் எழுத்தைத் திருடாதே, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கிற போலி இதழில் கட்டுரை போடாதே என்கிறது. 2018 மே மாதம் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து மானியக் குழு தூக்கியெறிய வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே இந்தத் தாள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

என்னுடைய கேள்வி வேறு. இந்த 30 மணி நேரத்தில் சேரி எத்தனை நிமிசம் வருகிறது? ஆய்வாளனுக்கும் இதழாசிரியனுக்கும் நடுவில் என்ன ஒழுக்கம் என்று இருக்கிறது. ஆய்வாளனுக்கும் இன்னொரு ஆய்வாளனுக்கும் நடுவில் என்ன ஒழுக்கம் என்று இருக்கிறது. ஆய்வாளன் யாருடைய வாசலில் போய் உட்கார்ந்து, யாருடைய வாயைக் கிளறி, யாருடைய ரத்தத்தை எடுத்துக்கொண்டு வந்தானோ, அந்த மனுசரைப் பற்றித் தனித் தலைப்பு ஒன்றுகூட அதில் இல்லை. சொத்துக்காரர்கள் தங்களுக்குள் வரப்புத் தகராறு வராமல் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் மாதிரி இருக்கிறது. நிலத்தில் வேலை செய்கிறவனுக்கு அதில் பேச்சில்லை.

இதைக் கேட்க நான் யார்? எம்.ஏ. தமிழ் படித்தவன். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் கிடையாது. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் இயக்க வேலையாக அலைகிறவன். அலைகிற ஆள் என்று தெரிந்துவிட்டால் விடமாட்டார்கள். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் டில்லியிலிருந்தும், கடல் கடந்தும் ஆய்வாளர்கள் வருவார்கள். "சேரிக்குள்ள ஒரு அறிமுகம் வேணும் தோழர்" என்பார்கள். மாட்டுத்தாவணியில் காத்திருந்து பஸ் ஏற்றிக் கூட்டிப்போவேன். நம்ம பேச்சை அவர்களுக்குப் புரிகிற பேச்சாக மாற்றிச் சொல்வேன். பல ஆய்வேடுகளில் நன்றியுரையின் கடைசி வரியில் என் பேரு கிடக்கிறது, சிலதில் எழுத்துப்பிழையோடு. அவர்கள் வண்டியேறிப் போன பிறகு சேரி என்ன பேசிக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

1. எது திருட்டு?

கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் மானியக் குழு ஒரு ஒழுங்குவிதி போட்டது. ஆய்வேட்டை மென்பொருளில் போட்டுப் பார்க்கவேண்டும். ஏற்கெனவே அச்சானதோடு ஒப்புமை 10 சதவீதம் வரைக்கும் இருந்தால் குற்றமில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொண்டு வரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருசத்துக்குத் திருத்திய ஏட்டைத் தரமுடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. தராசு மாதிரி துல்லியமாக இருக்கிறது.

இந்தத் தராசில் ஒரு அப்பத்தாவை வைத்துப் பார்ப்போம். மேலூர்ப் பக்கம் ஒரு காலனியில் இருக்கிறது அந்தக் கிழவி. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும். பாடினதையே திருப்பிப் பாடாது. அண்ணன் செத்தால் ஒரு பாட்டு, கொழுந்தன் செத்தால் ஒரு பாட்டு, கூலி கேட்டு அடிவாங்கிச் செத்தவனுக்கு ஒரு பாட்டு. ஒரு ஆய்வாளர் வந்து 3 சாயங்காலம் உட்கார்ந்து செல்போனில் பதிந்துகொண்டு போனார். ஆய்வேடு வந்தது. பின்னிணைப்பில் பாட்டுகள் முழுசாக இருந்தன. பாடினவளைத் தேடினால், 'தகவலாளி 7. பெண். வயது 68. சாதி: பறையர். கல்வி: இல்லை' என்று ஒரு வரி.

கல்வி இல்லையாம். இவ்வளவு பாட்டையும் நெஞ்சில் வைத்திருக்கிறவளுக்குக் கல்வி இல்லை. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவருக்கு அதனாலேயே முனைவர் பட்டம். விசயம் கேள்விப்பட்ட அப்பத்தா என்னிடம் சொன்னது: "அந்தப் புள்ளை எம் பாட்ட வச்சு டாக்டராயிருச்சாம்ல. அப்ப எம் முட்டிவலிக்கு ஒரு ஊசியப் போட்டுட்டுப் போகச் சொல்லுய்யா."

இந்தப் பாட்டுகளை அந்த மென்பொருளில் போட்டால் ஒப்புமை எவ்வளவு வரும்? பூச்சியம். ஏனென்றால் அப்பத்தா எங்கேயும் அச்சடிக்கவில்லை. அச்சில் வராதது யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் சொந்தமில்லாததை எடுத்தால் அது திருட்டில்லை. புறம்போக்கை வளைத்துப்போட்டவன் பேசுகிற அதே நியாயம்.

கதை இதோடு முடியவில்லை. அப்பத்தாவின் பேத்தி இப்போது காலேஜில் படிக்கிறது. நாளைக்கு அந்தப் பிள்ளை எம்.ஏ. முடித்து, ஒப்பாரியைப் பற்றி ஆய்வு செய்து, தன் அப்பத்தா தன்னைத் தூக்கி வளர்க்கும்போது பாடின பாட்டை எழுதுகிறது என்று வையுங்கள். மென்பொருள் பிடித்துவிடும். எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்கும். ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்ட அந்த ஆய்வேட்டிலிருந்து எடுத்தாய் என்று பக்க எண்ணோடு காட்டும். தப்பிக்க வேண்டுமென்றால் மேற்கோள் குறி போட்டு, அந்த ஆய்வாளர் பேரைச் சொல்லி, நன்றியோடு எடுத்தாள வேண்டும். சொந்த அப்பத்தாவின் பாட்டுக்கு அடுத்தவரிடம் ரசீது வாங்க வேண்டும். இதுதான் இவர்கள் போதிக்கிற ஒழுக்கத்தின் முழு அமைப்பு. எழுத்து வைத்திருக்கிறவனுடைய பொருளைக் காப்பாற்றுவதற்கு இதில் வழி இருக்கிறது. எழுத்து மறுக்கப்பட்டவளுடைய பொருளைக் காப்பாற்றுவதற்கு வழி இல்லை.

'பேரை மறைப்பது தகவலாளியின் பாதுகாப்புக்காகத்தான்' என்று பதில் வரும். வன்கொடுமையைப் பற்றிச் சொன்ன பெண்ணின் பேரை மறைக்கத்தான் வேண்டும், அவள் மறுநாளும் அதே ஊரில் தண்ணீர் பிடிக்கப் போகிறவள். பாட்டுக்காரிக்கு எதற்கு மறைப்பு? மறைப்பதா சொல்வதா என்று அவளிடம் கேட்டீர்களா? பாண்டிச்சேரிப் பக்கத்து வீரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல ஜோசியான் ராசினும் ழான்-லுக் ராசினும் எழுதினார்கள். 1995இல் பிரெஞ்சில் அந்தப் புத்தகம் வந்தபோது ஆசிரியர் பெயர்களில் முதல் பெயர் வீரம்மா. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பறைச்சி ஆசிரியராக அட்டையில் நிற்க முடியும் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது. நம்ம பல்கலைக்கழகங்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

2. எந்தத் தெருவில் தங்கினாய்?

ஒழுக்க வகுப்பில் கேட்கப்படாத கேள்வி இது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று பேரு வைத்து ஆந்த்ரே பெத்தேய் ஒரு கிராமத்தை ஆய்வு செய்தார். 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்று 1965இல் புத்தகமாக வந்தது. இந்தியாவில் சமூகவியல் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கிற புத்தகம். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் தன்னால் தாராளமாகப் போய்ப் பழக முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த அளவுக்கு அவர் யோக்கியர். எத்தனை பேர் அதையாவது எழுதினார்கள்?

நம்ம மதுரைச் சமவெளிக்கே வருவோம். லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1949, 50 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இருந்தார். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ச்சி செய்து 1957இல் புத்தகம் போட்டார். அப்புறம் 1966இல் 'ஹோமோ ஹைரார்கிகஸ்' வந்தது. தூய்மை, தீட்டு என்ற இரண்டு கருத்தில்தான் சாதி நிற்கிறது, அதிகாரமும் சொத்தும் அதற்குக் கீழேதான் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த புத்தகம். நான் சாதாரணமாக ஒன்று கேட்கிறேன். இந்தச் சமவெளியில் ஒரு பள்ளர் வீட்டுத் திண்ணையிலோ சக்கிலியர் குடிசையிலோ உட்கார்ந்து தொடங்கியிருந்தால் சாதியின் சாரம் தீட்டு என்று தோன்றியிருக்குமா, கூலி என்றும் அடி என்றும் தோன்றியிருக்குமா?

அடுத்தவர் மைக்கேல் மொஃபாட். செங்கல்பட்டுப் பக்கம் சேரியையே ஆய்வு செய்து 1979இல் எழுதினார். சேரி மக்கள் தங்களுக்குள்ளும் மேல் கீழ் வைத்துக்கொண்டு மேல்சாதிக்காரனைப் போலவே நடக்கிறார்கள், ஆகவே இந்த அமைப்புக்கு அவர்களும் மனதால் ஒத்துப்போகிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதே செங்கல்பட்டில் வேலை செய்த ஜோன் மென்ச்சர் 1974லேயே வேறு மாதிரி எழுதியிருந்தார். கீழேயிருந்து பார்த்தால் சாதி என்பது சுரண்டல் என்றார். ஒரே வட்டாரம், இரண்டு ஆய்வு, நேரெதிர் முடிவு. கேட்கிற ஆள் யார், எங்கே நின்று கேட்கிறார், அவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். பண்ணையார் வீட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவரிடம் எங்கள் சனம் "எங்களுக்கு ஒரு கொறையுமில்ல சாமி" என்றுதான் சொல்லும். அது தரவில்லை. உயிர் பிழைக்கிற வித்தை. அதைத் தரவு என்று எழுதுவதும் பொய்த் தரவு எழுதுவதும் ஒன்றுதான். ஆனால் பொய்த் தரவுக்குத்தான் பாடத்திட்டத்தில் இடம்.

எல்லாவற்றுக்கும் முன்னோடி எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். நம்ம தாத்தன் பூட்டனின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதியவர். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் போட்ட 7 தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகள் எல்லாம் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, பூச்சிகளைக் குத்தி வைத்த மாதிரி. இன்றைக்கும் சாதி ஆய்வேடு என்றால் முதல் அடிக்குறிப்பு தர்ஸ்டன்தான். மூக்கை அளந்த புத்தகத்தை எடுத்தாளும்போது என்ன சொல்லி எடுத்தாளவேண்டும் என்று எந்த ஒழுக்கத் தாளாவது சொல்லித் தருகிறதா?

3. கைநாட்டு

ஒப்புதல் படிவம் என்று ஒன்று இருக்கிறது. மனிதர்கள் மேல் ஆய்வு செய்தால் அவர்களுக்குப் புரிய வைத்து ஒப்புதல் வாங்கவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இதை விரிவாகச் சொல்கிறது. படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு வாங்கலாம், பக்கம் சாராத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் பக்கம் சாராத சாட்சி யார்? கிராம நிர்வாக அலுவலரா? ஊராட்சி எழுத்தரா? பள்ளிக்கூட வாத்தியாரா? இவர்களெல்லாம் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர்கள். அவர்களைச் சாட்சியாகப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு விருப்பமில்லைன்னா மறுக்கலாம் பாட்டி" என்று சொன்னால் பாட்டி மறுக்குமா?

காகிதத்தில் பெருவிரலை வைப்பது என்றால் என்னவென்று இந்த மண்ணுக்குத் தெரியும். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையை வைத்து 1892இல் ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். அது எப்படிக் கைமாறியது? பெரும்பகுதி கைநாட்டில்தான். ஐந்துக்கும் பத்துக்கும், கல்யாணச் செலவுக்கும் மருந்துச் செலவுக்கும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பத்திரத்தில் வைத்த ரேகையில்தான். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ரேகைப் பதிவுக்கு உடன்படமாட்டோம் என்று நின்ற கள்ளர்களை வெள்ளைக்காரன் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அந்தச் சாதியோடு எங்களுக்கு ஆயிரம் வழக்கு உண்டு, அது தனி. ரேகை வைக்கமாட்டேன் என்றதற்காகத் துப்பாக்கிச் சூடு நடந்த வட்டாரம் இது என்பதையாவது, படிவத்தையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாமா?

ஒழுக்க வகுப்புகளில் வழக்கமாக ஒரு வரிசை சொல்வார்கள். 1947 நியூரம்பெர்க், 1964 ஹெல்சிங்கி, டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோய்க்கு வைத்தியம் தராமல் வேடிக்கை பார்த்த கொடுமை, 1979 பெல்மாண்ட் அறிக்கை. நானும் ஒரு கல்லூரியில் அப்படி ஒரு பயிலரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டஸ்கீகிக்காக எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கம்மம் என்ற பேரை ஒருத்தரும் எடுக்கவில்லை. கம்மம் எங்கே இருக்கிறது? பக்கத்தில், அன்றைய ஆந்திராவில், இன்றைய தெலங்கானாவில். 2009இல் அங்கே பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு நடந்தது. பலர் பழங்குடிப் பிள்ளைகள், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை கொடுத்தது. ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தது விடுதிக் காப்பாளர்கள். பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியாது. தடுப்பூசிக்கு நாங்கள் எதிரியில்லை, நல்ல ஊசி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். இறந்துபோன பிள்ளைகளின் சாவுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னதையும் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் விடுதிக்காப்பாளன் கையெழுத்தில் எங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து நீட்ட வைக்கலாம் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது? ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்த எல்லோருக்கும் இதற்குப் பதில் தெரியும்.

4. ரத்தம்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. நேசனல் ஜியாகிரபிக்கும் ஐ.பி.எம்.மும் 2005இல் தொடங்கிய ஜீனோகிராபிக் திட்டத்தின் இந்திய மையம் இங்கேதான் இருந்தது. அதற்கு முன்பே மதுரைப் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவரின் ரத்தத்தில் எம்130 என்ற மரபுக்குறி கிடைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் வழிவந்தவர் என்று படம் எடுத்து உலகம் பூராவும் காட்டினார்கள். பேரு, ஊரு, சாதி, முகம் எல்லாம் பத்திரிகையில் வந்தது. நான் இங்கே அவர் பேரை எழுதப்போவதில்லை. என் பாட்டுக்காரக் கிழவி 'தகவலாளி 7'. ரத்தம் கொடுத்தவரோ ஊரறிந்த காட்சிப்பொருள். பேரை எப்போது மறைப்பது, எப்போது சொல்வது என்று தீர்மானிக்கிற உரிமை இரண்டு இடத்திலும் ஆய்வின் பக்கம்தான் இருந்தது.

அந்தத் திட்டத்தின் வேலையிலிருந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. தமிழ்நாட்டின் 31 சாதி, பழங்குடிக் குழுக்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் மரபணுவைப் பார்த்து, இந்தக் குழுக்களுக்கிடையிலான வேறுபாடு சாதி அமைப்புக்கு முந்தியது, விவசாயம் பரவிய காலத்தோடு சேர்ந்தது என்றது. விஞ்ஞானத்தைச் சரிபார்க்கிற படிப்பு எனக்கில்லை. விதியை மீறினார்கள் என்றும் சொல்லவில்லை. என் கேள்வி: அந்த 1,680 பேரில் எத்தனை பேரிடம் இந்த முடிவைத் தமிழில் யாராவது போய்ச் சொன்னார்கள்? சாதி ரத்தத்திலேயே இருக்கிறது என்று நாளைக்கு ஒருத்தன் இதைத் திரித்து மேடையில் பேசினால், ரத்தம் கொடுத்தவன் எங்கே போய் மறுப்பான்? 2006லேயே பழங்குடி மக்களுக்கான ஐ.நா. மன்றம் இந்தத் திட்டத்தை நிறுத்திவைக்கச் சொன்னது. அந்தச் செய்தி நம்ம கிராமத்துக்கு வந்ததா?

அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற சின்னப் பழங்குடி. 1990இலிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் அந்த ரத்தத்தை வைத்தே மனநோய் பற்றியும், எங்கிருந்து வந்த சனம் என்றும் ஆராய்ந்தார்கள். தெரிந்தவுடன் அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் 7 லட்சம் டாலரும், மிச்சமிருந்த ரத்தமும் திரும்பி வந்தன. ரத்தத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம், கேட்டால் கிடைக்கும் என்பதுதான் நாம் படிக்கவேண்டிய பாடம்.

5. நடுநிலை என்கிற மோசடி

நம்ம பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் போனால் என்ன நடக்கிறது? சேரியைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று தலைப்புக் கொடுத்தால், "சொந்தச் சாதியையே ஆராய்ஞ்சா நடுநிலை எப்படிப்பா வரும்?" என்று கேட்கிறார்கள். அக்கிரகாரத்தில் தங்கி எழுதியவருக்கு இந்தக் கேள்வி இல்லை. வேறு தலைப்பு எடுத்தால், "ஒங்க மக்களைப் பத்தியே பண்ணலாமே" என்கிறார்கள். நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்குவதும், அவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், நாம் எழுதிய கட்டுரையில் அவர் பேரு முன்னால் வருவதும், உதவித்தொகைக் கையெழுத்துக்காக மாசக்கணக்கில் கதவுக்கு வெளியே நிற்பதும் ஆய்வு ஒழுக்கத்தில் சேராதா? உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்துக்கென்று மானியக் குழு 2012இல் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. 2016 ஜனவரி 17ஆம் தேதி ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலாவைச் சாவு கொண்டுபோனபோது அந்த விதி எந்த அலமாரியில் இருந்தது? ஒரு ஆய்வு மாணவன் உயிரோடு இருந்து ஆய்வை முடிப்பது, ஒப்புமை சதவீதத்தைவிடப் பெரிய ஒழுக்கப் பிரச்சினை இல்லையா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம்ம ஆளு எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் இந்த மதுரையில்தான் அச்சாகி வந்தது. ஊர்க்கதையை எழுதிவிட்டாள் என்று அவர் ஊர்க்காரர்களே கோபப்பட்டு, சில மாதங்கள் அவரை ஊருக்குள் வரவிடவில்லை. அப்புறம் படித்தவர்கள் எடுத்துச் சொல்ல, ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கோபத்தை அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். "எங்களைப் பத்தி எழுதினா எங்களுக்குப் பதில் சொல்லு" என்பதுதான் அது. சொந்தப் பிள்ளையிடமே கணக்குக் கேட்கிற ஊர், வந்து போகிற ஆய்வாளரிடம் கேட்கக் கூடாதா?

ஆய்வே வேண்டாமென்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டும். யாரையும்விட எங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். பஞ்சமி நிலத்தின் பழைய பதிவேட்டைத் தோண்டியெடுக்க ஆய்வு வேண்டும். 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனோடு சேர்த்துப் பலர் வெட்டப்பட்டது ஏன் என்று வருகிற தலைமுறைக்குச் சொல்ல ஆய்வு வேண்டும். அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் சாதியைப் பற்றிக் கட்டுரை வாசித்தபோது ஆய்வைத்தான் ஆயுதமாக எடுத்தார். ஆய்வு எங்களுக்குப் பகையில்லை. எங்களை வயலாகவும் அவர்களை அறுவடைக்காரர்களாகவும் வைத்திருக்கிற ஏற்பாடுதான் பகை.

6. எங்கள் விதிகள்

தென்னாப்பிரிக்காவில் சான் மக்கள் 2017இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு ஒழுங்கை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையான நடைமுறை என்ற 5 தலைப்பில், எங்களிடம் வருகிறவர் இப்படித்தான் வரவேண்டும் என்றார்கள். உலகத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட சனங்களில் ஒன்று அது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியும். விவாதத்துக்காக என் பங்கை முன்வைக்கிறேன்.

ஒன்று. 30 மணி நேரத்தில் 10 மணி நேரம் சேரியில் நடக்கவேண்டும். பாடம் நடத்துகிறவர்கள் சேரிக்காரர்கள். பாட்டுக்காரி, பறையடிக்கிறவர், துப்புரவுத் தொழிலாளி, வன்கொடுமை வழக்கு நடத்தியவர். வருகைப் பேராசிரியருக்குக் கொடுக்கிற அதே மதிப்பூதியம் அவர்களுக்கும்.

இரண்டு. பாட்டோ கதையோ மருந்தோ, கொடுத்தவர் விரும்பினால் அவர் பெயர் ஆசிரியராக வரவேண்டும். வேண்டாமென்றால் மறைக்கவேண்டும். 'தகவலாளி' என்ற சொல்லைக் கைவிடவேண்டும். போலீசுக்குத்தான் தகவலாளி உண்டு.

மூன்று. ஒப்புதலைத் தனியாளிடம் அவசரமாக வாங்கக்கூடாது. ஒருநாள் சொல்லிவிட்டுப் போய் இன்னொரு நாள் வரவேண்டும். சாட்சி சேரியைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். கொடுத்த பேச்சையும் ரத்தத்தையும் திரும்பக் கேட்டால் திருப்பித் தரவேண்டும்.

நான்கு. எந்தத் தெருவில் தங்கினேன், யார் வீட்டில் தண்ணீர் குடித்தேன், யார் அறிமுகப்படுத்தினார், என் சாதி என்ன என்று ஆய்வேட்டின் முதல் இயலில் எழுதவேண்டும். எங்கள் சாதியை எழுதுகிறவர் தன் சாதியையும் எழுதட்டும்.

ஐந்து. வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் ஆய்வின் முடிவை அந்தத் தெருவில் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். மறுப்பு இருந்தால் அதையும் ஏட்டில் சேர்க்கவேண்டும்.

ஆறு. மருத்துவ ஆய்வு நெறிக்குழுவில் பொதுமக்களில் ஒருவர் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நாற்காலிக்கு ஓய்வுபெற்ற அதிகாரி வேண்டாம். எங்களில் ஒருத்தி உட்காரட்டும். சமூகவியல், தமிழ், நாட்டுப்புறவியல் ஆய்வுகளுக்கும் அப்படி ஒரு குழு இருக்கட்டும்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது, ஆய்வு தாமதமாகும் என்பார்கள். ஆகட்டுமே. 3 சாயங்காலத்தில் பாட்டை வாரிக்கொண்டு போனவர் 3 மாதம் உட்காரட்டும், நாற்று நடவுக்கு ஒரு நாள் கூட வரட்டும். அப்போதுதான் அந்தப் பாட்டு யாருக்காகப் பாடப்பட்டது என்பதே தெரியும்.

இந்த இதழைப் படிக்கிற மாணவர்களில் பலர் வருகிற பருவத்தில் ஆய்வுக்குப் பதிவு செய்யப்போகிறீர்கள். அந்த 2 கிரெடிட் வகுப்பில் உட்காரத்தான் போகிறீர்கள். உட்காருங்கள், தேர்வையும் நல்லபடியாக எழுதுங்கள். ஆனால் முதல் நாளே எழுந்து நின்று கேளுங்கள்: கம்மம் பாடத்தில் இருக்கிறதா? பஞ்சமி நிலத்தின் கைநாட்டு இருக்கிறதா? என் அப்பத்தா பாட்டுக்கு எத்தனை சதவீதம்? பதில் வராவிட்டால் வகுப்பை முடித்துக்கொண்டு நேராக மேலூர் பஸ்ஸைப் பிடியுங்கள். பாடம் நடத்த அங்கே ஆள் இருக்கிறது.